படுக்கை கேட்டு வந்த ஆறு

கோடை முற்றிய ஒரு புதன்கிழமை மதியம், படுக்க இடமில்லாத காரணத்தால், ஆறு எழுந்து ஊருக்குள் வந்து மெத்தைக்காரி வீட்டில் தங்கியது. பின்வாசல் வழியாகத்தான் வந்தது. முன்வாசலில் அன்று புதிதாகத் தைத்த இரட்டை மெத்தை ஒன்றை வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை நனைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கும் என்று பிற்பாடு தெருவில் பேசிக்கொண்டார்கள். மெத்தைக்காரி அப்போது கூடத்துத் தரையில் உட்கார்ந்து, ஒரு சாண் நீள ஊசியால் உறையின் கடைசி ஓரத்தை மூடிக்கொண்டிருந்தாள். காலில் குளிர்ச்சி பட்டதும் மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்று நினைத்து, "யாராவது மோட்டாரை நிறுத்துங்க" என்று தலையைத் தூக்காமலே சொன்னாள். பிறகுதான் ஒரு கெளுத்தி மீன் தன் கணுக்காலை மீசையால் தடவிப் பார்ப்பதைக் கண்டாள். ஆறு ஒரு துண்டு அகலத்துக்கு இளைத்துப் போயிருந்தது. நிறம் மங்கி, ஓரமெல்லாம் சிராய்ப்போடு, கதவு நிலையில் சாய்ந்தபடி நின்றது. தூக்கம் கெட்டவர்களைப் பார்த்துப் பழகியவள் அவள். கடைக்கு வருபவர் வாயைத் திறக்கும் முன்பே, முதுகுவலியா, மனக்கவலையா, பக்கத்தில் படுப்பவரின் குறட்டையா என்று சொல்லிவிடுவாள். ஆற்றைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விஷயம் புரிந்தது. ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்ப் பஞ்சு அறையைத் திறந்துவிட்டாள்.

நாட்டின் தெற்கே ஓடும் ஆறுகளில் அது ஒன்றும் பெரியதில்லை. மேற்கு மலையில் ஏதோ ஒரு பாறை இடுக்கில் பிறந்து, காட்டுக்குள் கொஞ்சம் விளையாடிவிட்டு, சமவெளிக்கு வந்ததும் நிதானப்பட்டு, கிழக்கே கடலில் போய்ச் சேரும். ஆனால் வயதில் ஊரைவிட மூத்தது. யானைக் கூட்டங்கள் குட்டிகளை நடுவில் விட்டுக் கடந்த காலத்தையும், உப்புப் படகுகள் வரிசை கட்டிய காலத்தையும், யாரோ ஒரு ராணியின் படை இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, யாரை அடிக்க வந்தோம் என்பதே மறந்து திரும்பிப் போன காலத்தையும் அது படுத்துக்கொண்டே பார்த்தது. ஆள் உயரத்துக்கு மேல் மணல், அதன்மேல் ஆறு. அப்படி ஒரு படுகை வேறு எந்த ஆற்றுக்கும் வாய்க்கவில்லை என்பார்கள். அந்த மணலுக்குத்தான் கேடு வந்தது. சுவர் எழுப்ப ஆற்று மணலுக்கு ஈடு கிடையாது என்பது ஊருக்குத் தெரிந்ததும் லாரிகள் இறங்கின. வருஷத்துக்கு வருஷம் மணல் தேய்ந்து, கடைசியில் பாறை பல்லை இளித்தது. ஆறு வெறும் பாறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு பார்த்தது. அது முனகும் சத்தம் கரையோரத்து வீடுகளுக்குக் கேட்டது. புரண்டு புரண்டு இடுப்பெல்லாம் தேய்ந்துபோய், அந்தப் புதன்கிழமை எழுந்துவிட்டது. இதில் மெத்தைக்காரிக்கு ஒரு சங்கடம் இருந்தது. அந்த லாரிகள் அவளுடைய சொந்த அண்ணனுடையவை.

அண்ணனை ஊரில் மணல்காரர் என்று சொல்வார்கள். மோசமான ஆள் இல்லை. வாய் நிறையச் சிரிப்பும், தோள் நிறையச் சதையுமாக இருப்பார். தங்கச்சிக்குக் கால் சுளுக்கிய வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். ஊரில் அவருடைய மணல் இல்லாத சுவர் கிடையாது. மெத்தைக்காரி வீட்டுச் சுவரும் அதில் அடக்கம்.

பஞ்சு அறைக்குள் போன ஆறு, கதவோரம் தொடங்கி நான்கு சுவரையும் ஒட்டி ஒரு சுற்று சுற்றி, மறுபடி கதவோரமே வந்து சேர்ந்தது. அப்படியே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் தங்கள் அளவிலேயே இருந்தன. அத்தனைக்கும் எப்படி இடம் போதுகிறது என்று கேட்டவர்களுக்கு, காலை நேரத்து பஸ்ஸில் எப்படிப் போதுகிறதோ அப்படித்தான் என்று பதில் சொல்லப்பட்டது. ஜன்னல் வழியாக மீன்கொத்திகள் வந்து, மெத்தைக்காரியின் கணவர் பஞ்சு அடிக்கும் வில்லின்மேல் வரிசையாக உட்கார்ந்தன. அவர் பஞ்சைத் தொட்டாலே தும்முகிற மனிதர்; ஆனாலும் பஞ்சை விட்டால் வேறு தொழில் தெரியாதவர். அவர் தும்மும்போதெல்லாம் மீன்கொத்திகள் ஒரு தடவை பறந்து மறுபடி உட்காரும். நீர்நாய்கள் தையல் பெட்டியைக் குடைந்து, விரல் உறைகளை எடுத்து ஒன்றோடொன்று எறிந்து விளையாடின. ஒரு ஆமை, தைத்து முடித்த தலையணையைப் பிரித்து உள்ளே முட்டை வைத்துவிட்டு, மிகவும் நேர்த்தியாக மூடிவிட்டுப் போனது. அதை வாங்க வந்தவருக்கு வேறொன்று தைத்துக் கொடுத்தார்கள். தெருவுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் போனது. காலையில் குடத்தோடு பின்வாசலில் நிற்கிற வரிசை, சைக்கிள் கடை வரைக்கும் நீண்டது. எடுக்க எடுக்க ஆறு குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

வந்த ஆறு சும்மா இருக்கவில்லை. தினமும் சாயங்காலம் அறையின் நடுவே எதையாவது ஒதுக்கி வைத்தது. முதலில் பிளாஸ்டிக் பாட்டில், செருப்பு, சைக்கிள் மணி என்று வந்தன. அப்புறம் இறந்துபோன ஹெட்மாஸ்டரின் பல் செட் வந்தது. அவருடைய மகன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப்போனார். அதற்குப் பின்னால் படகு ஆணிகள், பித்தளைப் பொத்தான்கள், வாள் பிடி ஒன்று, ராணியின் படையாட்கள் மறந்துவிட்டுப் போன கரண்டிகள். இப்படியே காலம் பின்னால் போய்க்கொண்டே இருந்து, ஒரு நாள் கல்லாகிப் போன மரத்துண்டும், மறுநாள் ஊர் முழுக்கக் கடலாக இருந்த காலத்துச் சங்கும் வந்தன. அதற்குமேல் ஞாபகம் இல்லையோ என்னவோ, ஆறு மறுபடி பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து ஆரம்பித்தது. மெத்தைக்காரி தினமும் பெருக்கித் தள்ளினாள்.

அந்த வீட்டில் ஆற்றோடு முதலில் சிநேகமானது அவளுடைய நாத்தனார். கணவரின் அக்கா. ஓயாமல் பேசுகிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் பேசிப் பேசியே காலமான பிறகு, தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த நாளில் இருந்து அதிகம் வாய் திறந்ததில்லை. மெத்தைக்காரியோடு அவளுக்குச் சண்டையும் கிடையாது, சமாதானமும் கிடையாது. ஒருத்தி அடுப்படியில் இருந்தால் மற்றவள் மாடியில் இருப்பாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே ஒருவர் மனநிலையை மற்றவர் தெரிந்துகொள்வார்கள். ஆறு வந்த மறுநாள் நாத்தனார் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பஞ்சு அறைக்குள் போனாள். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். ஆற்றை "அவ" என்றுதான் சொல்வாள். "அவளுக்கு இன்னிக்கும் தூக்கம் இல்லை" என்பாள் காலையில், டீயை வாங்கிக்கொண்டே. ஐந்தாறு வருஷமாக அந்த வீட்டில் காலையில் பேச்சுச் சத்தம் கேட்டதில்லை என்பதால், மெத்தைக்காரி தன் டீயில் இரண்டாம் தடவையும் சர்க்கரை போட்டுவிட்டாள்.

ஆற்றுக்குப் பொறுப்பான அரசாங்க இன்ஜினியர் சில நாள் கழித்துத்தான் வந்தார். ரிட்டையராகும் வயதில் இருந்தவர், தனிக்கட்டை, அதிர்ந்து பேசத் தெரியாதவர். தன்னுடைய பார்வையில் இருந்த ஒரு ஆறு காணாமல் போய்விட்டது என்பதில் அவருக்கு வெட்கம் இருந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, "இங்க ஒரு ஆறு வந்திருக்கறதா சொன்னாங்க" என்றார். மெத்தைக்காரி கையைக் காட்டினாள். உள்ளே போனவர், டேப்பை எடுத்து அகலம் பார்த்தார், கையைவிட்டு ஆழம் பார்த்தார். அப்புறம் நாத்தனாருக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காலி போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அளப்பதற்குப் புதிதாக ஒன்றுமில்லை என்றாலும் டேப்பை மறக்காமல் கொண்டுவந்தார்.

விலாங்குகளின் விஷயத்தை முதலில் கவனித்தது நாத்தனார்தான். கறுப்பும் பழுப்புமாக இருந்த விலாங்குகள் வெள்ளி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. போட்ட இரையைத் தொடவில்லை. அறையை ஒரு சுற்று சுற்றி வந்து, கதவோரத்துச் சாக்கடைத் துளையில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்றப் போயின. இன்ஜினியர் விளக்கினார். அவை கடலின் ஆழத்தில் பிறந்தவை. கண்ணாடி நூல்போல இருக்கும்போதே ஆற்றில் ஏறி வந்து, இங்கேயே வளர்ந்து, வயது முடிகிற காலத்தில் முட்டையிடுவதற்காகக் கடலுக்கே திரும்பிப் போகும். வெள்ளி நிறம் வந்துவிட்டால் பயணத்துக்குத் தயார் என்று அர்த்தம். மலையில் மழை பெய்து முதல் வெள்ளம் வரும்போது அதோடு கிளம்பும். இதைச் சொல்லிக்கொண்டு வந்தவர் வெள்ளம் என்ற சொல்லில் நின்றுவிட்டார். முகம் மாறியது. மெத்தைக்காரியைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மலையில மழை பெஞ்சா வெள்ளம் வரும். வெள்ளம் ஆத்தைத் தேடித்தான் வரும்."

"வரட்டுமே."

"ஆறு இங்க இருக்கு."

மெத்தைக்காரி ஊசியைக் கீழே வைத்தாள். வருஷம் தவறாமல் அந்த வெள்ளத்தைப் பாலத்தில் நின்று பார்த்தவள் அவள். வேரோடு மரங்களை உருட்டிக்கொண்டு வருவது. அது சைக்கிள் கடையைத் தாண்டி, தெருவில் திரும்பி, பின்வாசல் வழியாக உள்ளே வந்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தாள். ஆற்றை வெளியே போ என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் போய்ப் படுக்க அதற்கு இடம் எங்கே? அன்று முழுக்க அவள் கை வேலையில் இல்லை. சாயங்காலம் கணவரிடம் சொன்னாள், "ஆத்துக்கு ஒரு மெத்தை தைக்கலாம்னு இருக்கேங்க." அவர் தும்மிவிட்டு, "பஞ்சு காணாதே" என்றார். "பஞ்சு யாரு கேட்டா? மணலு." மணல் யாரிடம் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும் என்பதால் பேச்சு அதோடு நின்றது.

அவள் போய்க் கூப்பிடுவதற்குள் அண்ணனே வந்துவிட்டார். நாற்காலி போதாமல் கூடத்தில் உட்கார்ந்து, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, மனத்தாங்கலோடு ஆரம்பித்தார்.

"என்ன தங்கச்சி இது? ஊரே உன் வீட்டுப் பின்வாசல்ல நின்னு என்னைத் திட்டுதாமே."

"திட்டறாங்கதான். நான் காதுல வாங்கிக்கல."

"அதை அனுப்பிவிடு. வந்த எடத்துக்கே போகட்டும்."

"அங்க வெறும் பாறை கிடக்கு அண்ணா. நீ பாறையில படுப்பியா?"

"நான் எதுக்குப் பாறையில படுக்கணும்?"

"அதேதான் அதுவும் கேக்குது. உன் கிடங்குல மலை மலையா குவிச்சு வெச்சிருக்கியே, அதைத் திருப்பிக் குடு. மெத்தை நான் தைக்கறேன்."

அண்ணன் சிரித்தார். டீ தளும்பியது. அத்தனையும் ஆர்டர் ஆனது, மேற்கே பெரிய கட்டிடம் வருகிறது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். தங்கச்சி கேட்டு இல்லையென்று சொல்வது இதுதான் முதல் தடவை என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதற்குள் ஒரு நீர்நாய் அவருடைய செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. ஒற்றைச் செருப்போடு தெருவில் நடந்து போன அண்ணனின் முதுகை, மெத்தைக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மணல்காரரின் வீடு நகர ஆரம்பித்தது அந்த வாரம்தான். ஊரின் மேற்கு முனையில், மூன்று மாடியோடு இருந்த வீடு. முதலில் வாசற்படி பூந்தொட்டிகளின்மேல் ஏறியது. அப்புறம் வீட்டின் முன்பக்கம் கேட்டைத் தொட்டது. இரண்டொரு நாளில் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. நடந்தது என்று சொல்வது சரியில்லை. சாப்பிட்டு முடித்த மனிதர் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு நாற்காலியோடு நகர்வதுபோல நகர்ந்தது. காலையில் மாடியில் துணி காயப்போட்ட மணல்காரரின் மனைவி, அதை எடுக்கப் போகும்போது எதிரே வேறு தெரு இருப்பதைக் கண்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. புதிய இடத்தில் நல்ல காற்று வருகிறது என்றாள். ஊரில் எல்லா வீட்டிலும் ஆற்று மணல் இருக்க, இந்த வீடு மட்டும் நகர்வானேன் என்று ஆட்கள் கேட்டபோது, கட்டிய கொத்தனார் வாயைத் திறந்தார். மணல்காரர், மணல் சும்மா கிடைத்ததால் அதை அள்ளிப் போட்டுவிட்டு, சிமென்டில் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாராம். மற்ற வீடுகளில் மணலைச் சிமென்ட் பிடித்து வைத்திருந்தது. இங்கே பிடித்து வைக்க ஆளில்லை. மணல் தன்னுடைய ஆற்றைத் தேடிக் கிளம்பிவிட்டது, வீடும் கூடவே வந்தது, அவ்வளவுதான்.

வீடு சினிமா கொட்டகையைத் தாண்டிய அன்று மணல்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தங்கச்சி, என் வீடு உன் தெருவைப் பாத்து வந்துக்கிட்டிருக்கு."

"பாத்தேன் அண்ணா. உக்காரு, டீ போடறேன்."

"டீ கிடக்கட்டும். வந்து மோதினா உன் வீடு என்னத்துக்கு ஆகும்? எனக்கு அந்தக் கவலைதான்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. "அண்ணா, நீ இன்னும் அதைப் பாக்கவே இல்லை" என்று சொல்லி, கையைப் பிடித்துப் பஞ்சு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாத்தனார் எழுந்து தன் முக்காலியைக் கொடுத்தாள். அந்த ஆற்றில்தான் அவர் நீந்தக் கற்றிருந்தார். ஆனால் லாரி வாங்கிய பிறகு அதைக் கண்ணாடி ஏற்றிய ஜன்னல் வழியாகவே பார்த்து வந்தவர். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு காலை உள்ளே வைத்தார். பொடி மீன்கள் வந்து அவருடைய குதிகால் வெடிப்புகளைக் கொத்தின. கூச்சம் தாங்காமல் ஒரு சின்னச் சத்தம் போட்டார். ஆறு அவருடைய முட்டிவரை ஏறி இறங்கியது. கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. சோர்வாக இருந்தது, அவ்வளவுதான். மெத்தைக்காரி போட்டுக்கொண்டு வந்து வைத்த டீ ஆறிப் போனது. சாயங்காலம் வெளியே வந்தபோது அவருடைய கால்கள் ஊறி வெளுத்திருந்தன. "லாரியைக் காலையில அனுப்பட்டுமா, இப்பவே அனுப்பட்டுமா" என்று கேட்டார்.

அந்த வாரம் ஊரில் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று இணைத்து உறை தைத்தார்கள். நர்சுகளின் தையல் நெருக்கமாகவும், பஸ் டிரைவர்களின் தையல் நீளமாகவும் வந்தன. மெத்தைக்காரி எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். அடியில் கூழாங்கல், அதற்குமேல் பருமணல், மேலே சலித்த மணல் என்று லாரிகள் கொண்டுவந்து கொட்டின. ஆற்றுப் பாறையின்மேல், மேற்கு வளைவில் இருந்து பாலம் வரைக்கும், மூலை பிசகாமல், மேசைப் பலகைபோல மட்டமாக, நூல் பிடித்தாற்போல நேராக ஒரு மெத்தை கிடந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒன்றைத் தைத்ததில்லை. நாத்தனார் போய் "வா" என்றதும் ஆறு எழுந்தது. அவள் முன்னால் நடக்க, ஆறு பின்னால் வர, கடைக்காரர்கள் படியேறி வழிவிட்டார்கள். அண்ணனும் மற்றவர்களும் கைதட்டினார்கள். ஆறு மெத்தையில் ஏறிப் படுத்தது. மறுநாள் மதியம் பின்வாசலில் வந்து நின்றது.

தைத்துக் கொடுத்த மெத்தை திரும்பி வந்தது என்பது அவள் கேள்விப்படாத விஷயம். மெத்தைக்காரி அடுப்படியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மேற்கு மலைமேல் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது, மணல்காரரின் வீடு சைக்கிள் கடையின் அருகில் வந்துவிட்டது, விலாங்குகள் கதவோரம் காத்துக்கிடந்தன. கணவர் வந்து நின்றார், தும்மினார், போய்விட்டார். பிறகு நாத்தனார் வந்தாள். அடுப்படியில் மெத்தைக்காரி இருக்கும்போது அவள் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. தரையில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ மனுஷங்களுக்குத் தைக்கிற மாதிரி தைச்சிருக்கே. அவ மல்லாந்து படுக்க மாட்டா. ஒருக்களிச்சு, இடுப்பை வளைச்சு, காலை மடக்கித்தான் படுப்பா. நான்தான் தினமும் பாக்கறேனே. வளைவுக்கு உள்பக்கம் மேடா இருக்கணும், வெளிப்பக்கம் பள்ளமா இருக்கணும். ஓரத்துல நாணல் இருந்தா அதுல முதுகைச் சாய்ப்பா. புரள இடமும் விடணும். கொஞ்சம் மேடு பள்ளமா இருந்தாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்."

இவ்வளவு பேசியது அவளுக்கே அதிசயமாக இருந்திருக்கும். கடைசியில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மெத்தைக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா அக்கா" என்றாள்.

"நீ கேக்கலையே."

அதுவும் உண்மைதான் என்பதால் இருவருக்கும் சிரிப்பு வந்தது. வாசலில் டேப்போடு நின்றிருந்த இன்ஜினியர் தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணும் இருக்கு. அதோட தலையணை உடைஞ்சுபோய் ரொம்ப வருஷமாச்சு. எங்க ஆபீஸ்ல யாரும் கவனிக்கல."

"தலையணை இல்லாமலா இத்தனை வருஷம் படுத்திருந்துச்சு?"

"அது இல்லைங்க. மேல மலையடிவாரத்துல ராணி காலத்துல கட்டின சின்ன கல் அணை. தலைப்புல இருக்கிறதால அதுக்குத் தலையணைன்னு பேரு."

"எதுல கட்டினா என்னங்க? தலைக்கு உயரம் வேணுமா வேண்டாமா? அளவைச் சொல்லுங்க."

இன்ஜினியர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தார். அவள் கேட்டதில் தப்பு எதுவும் தென்படாததால் அளவைச் சொன்னார்.

மெத்தையின் தையல்களைப் பிரித்துப் போட்டார்கள். நாத்தனார் கரையில் நின்றுகொண்டு, இங்கே இடுப்பு, இங்கே முட்டி என்று கையைக் காட்ட, அந்தந்த இடத்தில் மணலை ஏற்றியும் இறக்கியும் அமைத்தார்கள். வெளி வளைவுகளில் ஆழமாகத் தோண்டிவிட்டார்கள்; அங்கேதான் பெரிய மீன்கள் மத்தியானத்தில் நிற்கும். உள் வளைவுகளில் மணல் திட்டு வைத்தார்கள். ஆமைகளுக்கும் உள்ளான் குருவிகளுக்கும் அது வேண்டும். மீன்கொத்திகள் குடைந்துகொள்ள ஒரு பக்கத்துக் கரையைச் செங்குத்தாக விட்டார்கள். நாணலைப் பிடுங்கி வந்து நட்டார்கள். மணல்காரர் தன் ஆட்களோடு மலையடிவாரத்துக்குப் போய், மடுவுக்குள் சரிந்து கிடந்த ராணி காலத்துக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, இன்ஜினியர் சொன்ன அளவில் அடுக்கினார். மெத்தைக்காரி ஒரு லாரியில் ஏறிப் போய்த் தலையணையில் கையை ஊன்றிப் பார்த்தாள். ஒரு ஓரம் உயரம் என்றாள். இறக்கினார்கள்.

வானம் கறுத்துக் கிடந்த ஒரு முற்பகலில் நாத்தனார் மறுபடி ஆற்றைக் கூட்டிக்கொண்டு போனாள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஆறு தலையைத் தலையணையில் வைத்தது. ஒருக்களித்தது. இடுப்பை வளைத்து, காலை மடக்கி, முதுகை நாணலில் சாய்த்து, மெதுவாக அகலமாகிக்கொண்டே போனது. துண்டு அகலம் ஒரு தெரு அகலமாகி, தெரு அகலம் பழைய அகலமானது. பெருமூச்சு ஒன்று கேட்டது. கரையில் நின்றவர்களுக்கும் கொட்டாவி வந்துவிட்டது. மறுநாள் மதியம் மெத்தைக்காரி ஏதோ வேலையாக இருப்பதுபோல நான்கைந்து தடவை பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். ஆறு வரவில்லை. பஞ்சு அறையில் ஈரம் காய்ந்து மண் வாசனை அடித்தது. நிம்மதியாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, வெறிச்சென்றும் இருந்தது.

அன்று சாயங்காலமே மலையில் பெய்த மழை, வெள்ளமாக வந்தது. செம்மண் நிறத்தில், மரங்களை உருட்டிக்கொண்டு, இரைந்துகொண்டு வந்த வெள்ளம், பாலத்துக்கு முன்னால் ஒரு கணம் ஊரைப் பார்த்தது என்று நேரில் கண்டவர்கள் சொல்கிறார்கள். பிறகு ஆறு இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதைப் பார்த்து, அதன்மேலேயே ஏறிப் போய்விட்டது. நாத்தனார் கரையோரம் முட்டிவரை தண்ணீரில் நின்றாள். பக்கத்தில் இன்ஜினியர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். விலாங்குகள் வெள்ளி வெள்ளியாக அவர்கள் கால்களை உரசிக்கொண்டு கிழக்கே போயின. கடைசி விலாங்கு போகும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமை இருவருக்கும் ஒத்துப்போனதால், வருஷ முடிவில் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு மலையடிவாரத்தில், தலையணைக்குப் பக்கத்தில், குடியேறினார்கள். மெத்தைக்காரி மாதம் ஒரு தடவை போவாள். இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துக்கொண்டே பேசுவார்கள். பஸ்ஸைத் தவறவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஆற்றுக்குப் படுக்கை கிடைத்ததும் மணலுக்கும் தவிப்பு அடங்கிவிட்டது; மணல்காரரின் வீடு, ஆறு கிளம்பிய அன்று நின்ற இடத்திலேயே, அதாவது தங்கச்சி தெருவின் முக்கில், நின்றுவிட்டது. விலாசத்தை மாற்றிக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்து தங்கச்சியைக் கூப்பிடலாம் என்பதால் அவருக்கு அது சௌகரியம்தான். லாரிகள் இப்போது பஞ்சு மூட்டை ஏற்றுகின்றன. புதிதாகக் கட்டுபவர்கள் மலைக்கல்லை உடைத்த பொடியை வைத்துக் கட்டுகிறார்கள். அந்தச் சுவர்கள் எங்கும் போவதில்லை.

மெத்தை என்றால் சில வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து உதறிப் போட வேண்டும். ஆற்று மெத்தையும் அப்படித்தான். வண்டல் சேர்ந்து கட்டி தட்டும், மேடு இறங்கும், தையல் விடும். கோடையில் தண்ணீர் குறைந்த ஒரு காலையில் மெத்தைக்காரி ஊசியோடு இறங்கிவிட்டால், ஊரே இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஆறு எழுந்து, தன் மீன்களோடு கடைத்தெருவுக்கு வந்து, தபாலாபீஸ் மதிலை ஒட்டி ஒதுங்கி நிற்கும். வேலை முடிந்து கூப்பிட்டால் போகும். பஸ் அந்த நிறுத்தத்தில் வேகத்தைக் குறைக்கும்போது கண்டக்டர் விசிலை வாயில் இருந்து எடுத்துவிட்டு, "ஆறு நிக்குது, இந்தப் பக்கமா இறங்குங்க" என்பார். பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமாக இறங்கிப் போவார்கள்.